வியட்நாம் நாட்டுப்புற மரபுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலை நிமித்தமாக ஹனோயில் சில ஆண்டுகள் குடியிருந்தேன். ஊர் திரும்பிய நாள் முதல் உறவினர்களும் நண்பர்களும், அங்கே சுற்றுலாவுக்குக் கிளம்புகிறவர்களும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள்தாம். அவர்கள் கேட்ட விதத்திலேயே அவற்றைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். வியட்நாமியப் பெயர்களை என் காதில் விழுந்தபடி எழுதியுள்ளேன். அந்த மொழியின் ஆறு தொனிகளை நம் எழுத்தில் கொண்டுவர வழியில்லை.

வியட்நாம் என்றாலே போர்தான் நினைவுக்கு வருகிறது. நாட்டுப்புறப் பண்பாடு என்று அங்கே எதைச் சொல்வீர்கள்?

முதலில் ஊரைச் சொல்வேன். வடக்கே செந்நதிச் சமவெளியில் பழைய ஊர்களைச் சுற்றி மூங்கில் வேலி இருந்தது. ஊருக்குள் ‘தின்’ எனப்படும் பொதுமண்டபம். ஊர்க் காவல் தெய்வத்தின் இருப்பிடம் அதுதான். ஊர்க்கூட்டம் கூடியதும் திருவிழா நடந்ததும் அங்கேதான். அந்தத் தெய்வம் போரில் வென்ற தளபதியாக இருக்கலாம், ஊருக்குத் தொழில் கற்றுக்கொடுத்த முன்னோராக இருக்கலாம். பிச்சைக்காரரையும் திருடரையும் காவல் தெய்வமாக வைத்து வழிபட்ட ஊர்கள்கூட உண்டு. “அரசன் சட்டம் ஊர் வழக்கத்துக்குத் தோற்கும்” என்பது அவர்களுடைய பழமொழி.

கீழே வரும் பாட்டு, பொம்மலாட்டம், அச்சுப்படம் பலவும் நெல் விளைவிக்கும் இத்தகைய ஊர்களில் வளர்ந்தவை. நாற்று நட்டபின், அறுவடை முடிந்தபின் கிடைக்கும் ஓய்வு நாட்களில் செய்தவை. அரசு அங்கீகரித்த இனங்கள் 54. அவற்றுள் கிஞ் இனத்தவர் மட்டும் ஏறக்குறைய 85 விழுக்காடு. நான் பழகியதும் பெரும்பாலும் அவர்களோடுதான். மற்றவர்களைப் பற்றித் தனியே ஒரு கேள்வி பின்னால் வருகிறது.

தெத் என்பது சீனப் புத்தாண்டுதானே? பெயரை மட்டும் மாற்றிக்கொண்டாடுகிறார்களா?

இந்தக் கேள்வியை ஹனோயில் யாரிடமும் இப்படிக் கேட்டுவிடாதீர்கள். நாட்காட்டிக்கு மூலம் ஒன்றே என்பதை அவர்கள் மறுப்பதில்லை. கி.மு. 111 முதல் கி.பி. 938 வரை ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் சீன ஆட்சி நடந்த நாடு அது. ஆனால் வாங்கியதை வாங்கியபடியே அவர்கள் வைத்திருக்கவில்லை. சீனர்களின் முயல் ஆண்டு இங்கே பூனை ஆண்டு. சீனர்களின் மாடு இங்கே வயலில் உழும் எருமை.

நாளும் எப்போதும் ஒன்றாக இருப்பதில்லை. ஹனோய் நேரம் பெய்ஜிங் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. அமாவாசை கூடும் கணம் நள்ளிரவை ஒட்டி வந்தால் இரு நாடுகளின் தேதிகளும் பிரிந்துவிடும். 2007இல் வியட்நாமில் பிப்ரவரி 17, சீனாவில் பிப்ரவரி 18. 1985இல் ஒரு மாதமே வேறுபட்டது: வியட்நாமில் ஜனவரி 21, சீனாவில் பிப்ரவரி 20.

பண்டிகை தொடங்குவது அடுப்படியில். ஆண்டின் கடைசி மாதம் 23ஆம் நாள், அடுப்புத் தெய்வங்கள் கெண்டை மீன் மீதேறி வானுலகுக்குப் போய், அந்த வீட்டில் ஆண்டு முழுவதும் நடந்ததைச் சொல்வார்கள் என்பது நம்பிக்கை. இரண்டு ஆண்கள், ஒரு பெண் என மூவர் அவர்கள். அன்று ஏரிக்கரையில் மீனைப் பையோடு எறியாமல், குனிந்து மெல்ல நீரில் விடச் சொல்லிக்கொடுக்கும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வடக்கே வீட்டில் இளஞ்சிவப்புப் பீச் மலர்க் கிளை வைப்பார்கள். தெற்கே மஞ்சள் மாய் மலர். ஆண்டின் முதல் நாள் வீட்டைப் பெருக்கக் கூடாது, வந்த அதிர்ஷ்டம் குப்பையோடு போய்விடும். அன்று முதலில் வாசல் மிதிப்பவர் நல்ல ராசிக்காரராக இருக்க வேண்டும் என்பதால், அழைக்காத வீட்டுக்குக் காலையிலேயே போய் நிற்காதீர்கள்.

அந்தப் பச்சை இலைப் பொட்டலத்துக்கு ஏன் இத்தனை மரியாதை?

பான் சுங் என்பது அதன் பெயர். பசையரிசிக்குள் பாசிப்பருப்பும் பன்றி இறைச்சியும் வைத்து, தோங் என்ற அகன்ற இலையில் சதுரமாக மடித்து, மூங்கில் நாரால் கட்டி, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் வேகவைப்பது. தெற்கே இதையே வாழையிலையில் உருளையாகச் சுற்றி பான் தேத் என்பார்கள்.

கதை இது. நாட்டை நிறுவியவர்களாகக் கருதப்படும் ஹுங் அரசர்களில் ஒருவர் தமக்குப்பின் அரியணை ஏறத்தக்கவரைத் தேர்ந்தெடுக்க, முன்னோர் படையலுக்குச் சிறந்த உணவைக் கொண்டுவரும்படி மகன்களிடம் சொன்னார். மற்றவர்கள் காட்டிலும் கடலிலும் அரிய பொருள்களைத் தேடி அலைந்தார்கள். லாங் லியூ என்ற ஏழை இளவரசனிடம் நெல்லைத் தவிர ஒன்றும் இல்லை. அரிசியைவிட உயர்ந்தது உலகில் எதுவும் இல்லை என்று கனவில் ஒரு தெய்வம் சொன்னது. மண்ணைக் குறிக்கச் சதுரமாக ஒன்றும், வானைக் குறிக்க வட்டமாக ஒன்றும் செய்து வைத்தான். அரியணை அவனுக்குக் கிடைத்தது.

என்னைக் கேட்டால் அந்தப் பண்டத்தின் பெருமை கொதிக்கும் அந்த இரவில் இருக்கிறது. நான் இருந்த தெருவில் மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரே அண்டாவில் வேகவைத்தார்கள். நீர் வற்றாமல் யாராவது விழித்திருந்து ஊற்ற வேண்டும். கிழவர்கள் கதை சொல்வதும், பிள்ளைகள் அடுப்போரம் தூங்கிப்போவதும் அன்றுதான். இப்போது பலர் கடையில் வாங்கிவிடுகிறார்கள். பண்டம் கிடைத்துவிடுகிறது, அந்த இரவு கிடைப்பதில்லை.

அவர்கள் பௌத்தர்கள்தானே? பின் ஏன் வீட்டுக்கு வீடு இறந்தவர்களின் படம் வைத்து ஊதுவத்தி ஏற்றுகிறார்கள்?

புத்த விகாரைக்குப் போகிறவர், போகாதவர், எந்த மதமும் இல்லை என்பவர் என எல்லார் வீட்டிலும் முன்னோர் மாடம் இருக்கும். கத்தோலிக்கர்களும் தங்கள் முறையில் முன்னோரை நினைவுகூர்கிறார்கள். இறந்தவர் குடும்பத்தை விட்டுப் போய்விடுவதில்லை என்பதே அடிப்படை. திருமணம், தேர்வு, புது வீடு என எதுவானாலும் முதலில் அவர்களிடம் சொல்ல வேண்டும். இறந்த நாளைச் சந்திர நாட்காட்டிப்படி ஆண்டுதோறும் அனுசரிப்பதற்கு ‘ஸோ’ என்று பெயர். நம் திதியை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஒரு வேறுபாடு உண்டு: ஸோ அன்று வீடு கலகலப்பாக இருக்கும். சண்டை போட்ட சித்தப்பாவும் அன்று வந்து உட்கார்ந்து சாப்பிட்டாக வேண்டும்.

நாடு முழுவதற்குமான ஸோ ஒன்றும் உண்டு. மூன்றாம் சந்திர மாதத்தின் பத்தாம் நாள், அந்த ஹுங் அரசர்களுக்கானது. ஃபூ தோ மாகாணத்து நிஞ்யா லின் மலைக்கோயிலில் அன்று பெருங்கூட்டம் கூடும். 2007 முதல் அது அரசு விடுமுறை. 2012இல் யுனெஸ்கோ இந்த வழிபாட்டைத் தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது.

நூறு முட்டைக் கதையைப் படித்தவர்கள்கூட நம்புகிறார்களா?

கடல் நாகக் குலத்து லாக் லோங் குவானுக்கும் மலைத் தேவதை ஆவ் கோவுக்கும் நூறு முட்டைகள் அடங்கிய ஒரு பை பிறந்தது. நூறு பிள்ளைகள் வெளிவந்தார்கள். பிறகு ஐம்பது பேர் தாயோடு மலைக்கும் ஐம்பது பேர் தந்தையோடு கடற்கரைக்கும் போனார்கள். முட்டை பொரித்ததை யாரும் வரலாறு என்று வாதிடுவதில்லை. ஆனால் ‘தோங் பாவ்’ என்ற சொல்லைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். நாட்டு மக்களை விளிக்கும் அந்தச் சொல்லின் நேர்ப்பொருள் ‘ஒரே கருப்பையில் பிறந்தவர்கள்’. சகோதரர் என்ற சொல்லின் வேரும் அதுவேதான். மலையில் வாழும் சிறு இனங்களும் கரையில் வாழும் பெரும்பான்மையினரும் ஒரு தாய் பிள்ளைகள் என்று சொல்லிக்கொள்ள ஒரு கதை இருக்கிறதே, அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

பார்த்த உடனே வயதைக் கேட்கிறார்களே, இது நாகரிகமா?

வயது தெரியாமல் அவர்களால் ஒரு வாக்கியம் பேச முடியாது. பொதுவாக யாரையும் ‘நீங்கள்’ என்று விளிக்க ஒரு சொல் அன்றாடப் பேச்சில் இல்லை. மூத்தவன் ‘ஆன்’, மூத்தவள் ‘சி’, இளையவர் ‘எம்’. அதற்குமேல் பெரியப்பா, சித்தப்பா, அத்தை முறைகள். ‘நான்’ என்பதும் அந்த முறைக்கு ஏற்ப மாறும். காய்கறி விற்பவரிடம் பேரம் பேசும்போதும் உறவு சொல்லித்தான் பேச வேண்டும். தமிழர்களுக்கு இது எளிதில் பிடிபடும்.

வெற்றிலை போடும் பழக்கம் அங்கேயும் உண்டாமே?

உண்டு. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு மூன்றும் அதேதான். ‘வெற்றிலைச் சுருள்தான் பேச்சுக்குத் தொடக்கம்’ என்பார்கள். இன்று மெல்லுகிறவர்கள் கிராமத்துப் பாட்டிமார் மட்டுமே என்றாலும், தாம்பூலம் இல்லாமல் நிச்சயதார்த்தம் நடக்காது.

அதற்கு ஒரு சோகக் கதை இருக்கிறது. உருவத்தில் ஒன்றுபோல் இருந்த அண்ணன் தம்பி இருவர். அண்ணனுக்கு மணமானபின் தம்பி தனிமைப்பட்டு வீட்டைவிட்டுப் போய், ஆற்றங்கரையில் இறந்து சுண்ணாம்புக் கல்லானான். தேடிவந்த அண்ணன் அந்தக் கல்லருகே இறந்து பாக்கு மரமானான். அவனைத் தேடிவந்த மனைவி அந்த மரத்தைச் சுற்றிய கொடியானாள். மூன்றும் சேர்ந்தால் வரும் சிவப்பு, பிரியாத அன்பின் நிறம். மணப்பெண் வீட்டில் தாம்பூலத் தட்டு ஏன் என்பதற்கு இதைவிட நல்ல காரணம் நான் கேட்டதில்லை.

தண்ணீரில் பொம்மைகள் ஆடுகின்றனவே, ஆட்டுகிறவர்கள் எங்கே இருக்கிறார்கள்?

தண்ணீரில்தான். மேடையின் பின்னே தொங்கும் மூங்கில் தட்டிக்கு அப்பால் இடுப்பளவு நீரில் நிற்கிறார்கள். நீண்ட மூங்கில் கழியின் நுனியில் பொம்மை. நீருக்கடியில் சுக்கானும் கயிறுகளும். கலங்கிய நீர் எல்லாவற்றையும் மறைத்துவிடும். பொம்மையை அத்தி மரத்தில் செதுக்கி அரக்குப் பூச்சு பல முறை ஏற்றுகிறார்கள். அத்தி இலேசானது, மிதக்கும்.

வெள்ளம் தேங்கிய வயலும் ஊர்க் குளமும்தான் இதன் பழைய மேடை. 1121ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று, லீ வம்சத்து அரசர் முன் பொன்னிற ஆமை நீரில் நீந்தி வந்து ஆடியதை வருணிக்கிறது. காட்சிகள் எல்லாம் உழவன் அறிந்தவை: நாற்று நடுதல், தவளை பிடித்தல், வாத்தைக் கவ்வ வரும் நரி, நெருப்புக் கக்கும் நாகம். தெவ் என்ற குண்டுக் கோமாளி வந்து ஊர்க் கதையைப் போட்டுடைப்பான். ஒவ்வொரு குழுவும் தன் சூத்திரத்தை இரகசியமாகக் காத்தது. வேறு ஊருக்கு வாழ்க்கைப்பட்டுப் போவார்கள் என்பதற்காகவே பல குழுக்களில் மகள்களுக்குக் கற்றுக்கொடுக்க மாட்டார்கள். கலை பல ஊர்களில் அற்றுப்போக அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். ஹனோய் அரங்குகளில் இன்று பெண்களும் ஆட்டுகிறார்கள்.

தோங் ஹோ படங்கள் குழந்தை வரைந்ததுபோல் இருக்கின்றன. இதில் என்ன கலை?

வரைந்தவை இல்லை, மரக்கட்டையில் செதுக்கி அச்சிட்டவை. பாக் நின் மாகாணத்தின் தோங் ஹோ ஊர்க்காரர்கள் தெத் சந்தைக்காக அச்சிட்டு விற்றார்கள். ஆண்டுக்கு ஒரு முறை ஏழை வீட்டு மண்சுவரில் ஒட்ட ஒரு புதுப்படம்; அடுத்த ஆண்டு அதைக் கிழித்துவிட்டு வேறொன்று.

தாளைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பாருங்கள். மரப்பட்டைத் தாள்மேல் சிப்பித் தூளைப் பசையோடு கலந்து பைன் ஊசியிலைத் தூரிகையால் பூசுவதால் மின்னும். கறுப்பு மூங்கில் இலைக் கரியிலிருந்து, மஞ்சள் ஹோய் என்ற மரத்தின் பூமொட்டிலிருந்து, சிவப்பு செந்நிறச் சரளைக்கல் பொடியிலிருந்து, நீலம் அவுரியிலிருந்து. ஒவ்வொரு நிறத்துக்கும் தனிக் கட்டை. கறுப்புக் கோடு கடைசியில். நிறங்கள் மொத்தமே சில. அந்தச் சிலவற்றைக் கொண்டே தாய்ப்பன்றி, குஞ்சுகளோடு கோழி என ஒரு குடும்பத்தின் ஆசைகள் அத்தனையும் சொல்லப்பட்டுவிடும். ‘எலிக் கல்யாணம்’ படத்தைப் பாருங்கள்: மேளதாளத்தோடு ஊர்வலம் போகும் எலிகள் முதலில் பூனைக்குப் பறவையும் மீனும் காணிக்கை கொடுக்கின்றன. அதிகாரிக்குக் கையூட்டு கொடுத்த எவருக்கும் அந்தப் படம் புரியும். இன்று இதைத் தொழிலாகச் செய்யும் குடும்பங்களை விரல்விட்டு எண்ணலாம்.

குவான் ஹோ பாடும் ஆணும் பெண்ணும் காதலைப் பாடிவிட்டு ஏன் திருமணம் செய்துகொள்ளக் கூடாது?

இதைத்தான் எல்லாரும் இரண்டு முறை கேட்கிறார்கள். குவான் ஹோ பாக் நின் பகுதியின் பாட்டு. ஓர் ஊரின் பெண் இருவர் குரல் பிரியாமல் ஒரு பாட்டைப் பாட, இன்னோர் ஊரின் ஆண் இருவர் அதே மெட்டில் வேறு சொற்களால் பதில் பாட வேண்டும். இவ்விரு ஊர்களும் தலைமுறைகளாக நட்புறவு பூண்டவை. நட்புறவு பூண்ட ஊர்ப் பாடகர்கள் உடன்பிறந்தவர்களுக்குச் சமம், அதனால் மணம் கூடாது. பாடகர்களை ‘அண்ணன்மார்’, ‘அக்காமார்’ என்றுதான் அழைப்பார்கள். ஆனால் ஒவ்வொருவரும் தம்மைச் சிறியவராகவே சொல்லிக்கொள்வார்.

அப்படியானால் அந்தக் காதல் எங்கே போகிறது? பாட்டுக்குள் போகிறது. வெற்றிலை கொடுப்பது, இரவெல்லாம் பாடுவது, விடியலில் ‘போகாதீர்கள்’ என்று பாடி வழியனுப்புவது, அடுத்த ஆண்டு மறுபடி சந்திப்பது. எழுபது வயதிலும் அந்த உறவைக் காத்தவர்கள் உண்டு. மரபுப்படி இதற்குப் பக்கவாத்தியம் கிடையாது. ஒலிபெருக்கி வைத்து, மின்னிசை சேர்த்துப் பாடுவது எனக்கு வருத்தம் தருகிறது. குரல் அதிர்ந்து உதிரும் அந்த நுட்பம் ஒலிபெருக்கியில் காணாமற்போகிறது.

கா த்ரூ என்பதும் இதுபோன்றதா?

இல்லை. இது சபைக் கலை. பாடும் பெண் மூங்கில் கட்டையைத் தட்டித் தாளம் போட, ஒருவர் நீண்ட கழுத்துள்ள மூன்று நரம்பு வாத்தியத்தை மீட்டுவார். மூன்றாமவர் கேட்பவர்களில் ஒருவர்! கையில் முரசோடு உட்கார்ந்து, நல்ல இடம் வந்தால் அடித்துப் பாராட்டுவார். தவறான இடத்தில் அடித்தால் அவருக்கே அவமானம். 20ஆம் நூற்றாண்டில் கேளிக்கை விடுதிகளோடு சேர்த்துப் பேசப்பட்டதால் கலைக்குக் கெட்ட பெயர் வந்தது. 2009இல் யுனெஸ்கோ இதை உடனடியாகக் காக்கவேண்டியவை என்ற பட்டியலில் வைத்தது.

கம்யூனிஸ்ட் நாட்டில் சாமியாட விடுவார்களா?

பல ஆண்டுகள் விடவில்லை. மூடநம்பிக்கை என்று ஒடுக்கினார்கள். வீட்டுக்குள் தாழிட்டு ஆடினார்கள். 1986இல் தொடங்கிய சீர்திருத்தங்களுக்குப் பிறகு மெல்லத் தளர்ந்தது. 2016இல் இந்தச் சாமியாட்டத்தை உள்ளடக்கிய அன்னையர் வழிபாடு யுனெஸ்கோ பட்டியலிலேயே ஏறிவிட்டது.

வானம், வனம், நீர் ஆகிய உலகங்களுக்குத் தனித்தனி அன்னையர். ஆடுபவர் செந்துணியால் தலையை மூடி, தெய்வம் இறங்கியதும் துணியை விலக்கி, அந்தத் தெய்வத்துக்குரிய உடைக்கு மாறி ஆடுவார். ஒரே அமர்வில் இப்படிப் பல தெய்வங்கள். கூட்டத்துக்குப் பழமும் பணமும் வாரி வழங்குவார். நான் பார்த்த அமர்வில் ஆடியவர் ஓர் ஆண். இளவரசி இறங்கியபோது அவர் காட்டிய நளினத்தை அந்த ஊர் மெய்ம்மறந்து பார்த்தது. வெளியே அவரைக் கேலி செய்திருக்கக் கூடியவர்கள் அங்கே கைகூப்பி நின்றார்கள்.

சைகோனில் மாரியம்மன் கோயில் இருக்கிறதாமே? அங்கே வியட்நாமியர் ஏன் வருகிறார்கள்?

இருக்கிறது; இன்றைய ஹோ சி மின் நகரின் மையத்தில், துரோங் தின் தெருவில். பிரெஞ்சு ஆட்சிக்காலத்தில் அங்கே வணிகமும் வட்டித் தொழிலும் செய்த தமிழர்கள் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் கட்டியது. தமிழர்கள் பெரும்பாலோர் போய்விட்டார்கள். அம்மன் இருக்கிறாள், கூட்டமும் இருக்கிறது. ‘இந்திய அன்னை கோயில்’ என்று பெயர் சொல்லி வருகிறார்கள். கருவறையின் பின்புறக் கற்சுவரில் முகத்தை ஒட்டிவைத்து வேண்டுதலை முணுமுணுக்கிறார்கள்.

முந்தைய பதிலை நினைவில் வைத்தால் இதில் வியப்பில்லை. அன்னையரை வழிபடும் மண்ணில் இன்னோர் அன்னை. இதற்கு முன்பும் இது நடந்திருக்கிறது. நியா ச்சாங் நகரில், அந்தப் பகுதியை முன்பு ஆண்ட சாம் மக்களின் போ நகர் அம்மனை, தெற்கே பரவி வந்த வியட்நாமியர்கள் தியென் இ ஆ நா என்ற பெயரில் தங்கள் அன்னையாகவே ஏற்றுக்கொண்டார்கள். கோபுரங்களைக் கட்டிய அரசு அழிந்தது, தெய்வம் தங்கிவிட்டது. சாம் மக்களில் பிராமணிய வழியினர் இன்றும் ஆண்டுதோறும் பழைய செங்கல் கோபுரங்களில் காத்தே திருவிழா நடத்துகிறார்கள்.

மற்ற இனங்களைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லையே?

ஒன்றை மட்டும் சொல்கிறேன்: மத்திய மேட்டுநிலத்தின் சேகண்டி இசை. பனார், எதே, ஜாராய் முதலிய இனத்தவரின் உயிர் அது. ஒருவர் கையில் ஒரே சேகண்டி, ஒரே சுரம். முழு மெட்டு வேண்டுமானால் ஊரே வரிசையில் நடந்து, தன் முறை வரும்போது மட்டும் அடிக்க வேண்டும். தனியொருவர் வாசிக்கவே முடியாத இசை. பிறந்த குழந்தை முதலில் கேட்பதும் இறந்தவரை வழியனுப்புவதும் அந்த ஒலிதான். 2005இல் யுனெஸ்கோ இதைச் சிறப்பித்தது. காடு சுருங்கிக் காப்பித் தோட்டம் பெருகிய பிறகு, அடிப்பதற்கான சடங்குகளே குறைந்துவிட்டன.

பன்றியை ஊர் நடுவே வெட்டுவதையும் மரபு என்று காக்க வேண்டுமா?

வேண்டாம் என்பது என் கருத்து. பாக் நின் பகுதியின் நெம் துவோங் ஊரில், புத்தாண்டு விழாவில் பன்றியைக் கூட்டத்தின் நடுவே இரண்டாக வெட்டும் வழக்கம் இருந்தது. கடும் விமர்சனத்துக்குப் பிறகு மறைவிடத்துக்கு மாற்றினார்கள். விழா நிற்கவில்லை. தோ சோன் எருமைச் சண்டையில் 2017இல் ஓர் எருமை தன் உரிமையாளரையே குத்திக் கொன்றது.

பட்டாசு இல்லாமல் தெத் இல்லை என்றுதான் ஒரு காலத்தில் சொன்னார்கள். 1995 முதல் தடைசெய்தார்கள். தெத் அப்படியேதான் இருக்கிறது. ஊர் வழக்கத்தை உருவாக்கியது ஊர்தான். மாற்றவும் அதற்கு உரிமை உண்டு.

யுனெஸ்கோ பட்டியலில் ஏறினால் ஒரு கலை பிழைத்துவிடுமா?

ஃபூ தோவின் ஸோவான் பாட்டு நல்ல சான்று. ஹுங் அரசர் வழிபாட்டோடு சேர்ந்தது அது. 2011இல் அழிவின் விளிம்பில் இருப்பதாகப் பட்டியலிட்டார்கள். முதிய பாடகர்கள் உயிரோடு இருக்கும்போதே இளையவர்களுக்குக் கற்பித்தார்கள், பாட்டு நடந்த பழைய மண்டபங்களைப் புதுப்பித்தார்கள். 2017இல் அது ஆபத்துப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாறியது. பிழைக்க வைத்தது சான்றிதழ் இல்லை, மண்டபமும் பாட்டிமார்களும். சுற்றுலாப் பயணிகளுக்காக இருபது நிமிடமாகச் சுருக்கிய கலைகளும் உண்டு. அவற்றின் கதை வேறு.

ஒரு வாரம்தான் விடுமுறை. எதைப் பார்க்கலாம்?

தெத் நாட்களில் போனால் பல கடைகள் மூடியிருக்கும், எல்லாரும் சொந்த ஊரில் இருப்பார்கள். பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் போங்கள். முதல் சந்திர மாதம் 13ஆம் நாள் பாக் நின்னில் குவான் ஹோ பாட்டு நடக்கும் லிம் திருவிழா. ஹனோயிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். தோங் ஹோவும் அருகில்தான். முடிந்தால் 12ஆம் நாள் மாலையே போய், பாடகர் வீடு ஒன்றில் ஒலிபெருக்கி இல்லாமல் நடக்கும் பாட்டைக் கேளுங்கள். யாராவது அழைத்தால்தான் உள்ளே போக முடியும் என்பதில்லை. வாசலில் நின்றாலே உள்ளே கூப்பிட்டு உட்காரவைப்பார்கள். வெற்றிலைச் சுருள் நீட்டுவார்கள். மெல்லும் பழக்கம் இல்லாவிட்டாலும் இரண்டு கைகளாலும் வாங்கிக்கொள்ளுங்கள்.